உறவுமுறை என்ற கட்டம்: சேலத்தில் இரு பெண்களின் நிகழ்வு ஆய்வு

ஒருவரையொருவர் காதலித்து, வீட்டார் எதிர்ப்பை மீறிச் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களின் அனுபவம் இது. இருவரின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதிருக்க வயது, தொழில், ஊர் விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. நடந்தவற்றின் வரிசை மாற்றப்படவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்கும் குழுக்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் பயன்படட்டும் என்பதே நோக்கம். இருவரையும் மூத்தவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறோம்.

பின்னணி

மூத்தவருக்கு 29 வயது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கும் வேலை. அப்பா இல்லை, அம்மாவும் ஓர் அண்ணனும் உண்டு. சொந்தச் சம்பாத்தியத்தில் ஊருக்கு வெளியே 1,200 சதுர அடி மனை வாங்கி வைத்திருந்தார். இளையவருக்கு 24 வயது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, காபித் தோட்டத்தை நம்பியிருக்கும் ஊர். அவருக்கும் அப்பா இல்லை; அம்மா அண்ணனோடு இருக்கிறார். இளையவர் சேலத்து ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். பிஎப், ஈஎஸ்ஐ இரண்டும் பிடித்தார்கள்.

நான்கு வருடப் பழக்கம். வெளியாள் முன்னால் இளையவர் மூத்தவரை ‘அக்கா’ என்றே கூப்பிடுவார். கடையிலும் விடுதியிலும் இருவரும் அக்கா தங்கச்சி. யாரும் துருவிக் கேட்காமலிருக்க அது உதவியது. பின்னால் இவர்களுக்கு நேர்ந்த சிக்கல்களில் பெரியது இந்த ஒரு சொல்லிலிருந்தே கிளைத்தது என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

2025-ம் ஆண்டின் நடுவில், அறுவடைக்கு முன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று இளையவருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் மறுத்தார். காரணம் கேட்டபோது அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அம்மா அண்ணனிடம் சொன்னார். அன்றிலிருந்து அவரை வேலைக்கு அனுப்பவில்லை. கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மந்திரித்தால் சரியாகும் என்று ஒரு தரப்பு, மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்று இன்னொரு தரப்பு. பதினோராம் நாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசியிலிருந்து மூத்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூத்தவர், இந்த நிலையில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கும் சேலத்துச் சிறு குழு ஒன்றை அணுகினார்.

சட்டம் அன்று நின்ற இடம்

குழு முதலில் செய்தது, எது இருக்கிறது எது இல்லை என்பதை இருவருக்கும் மிகையில்லாமல் சொன்னதுதான். நம்பிக்கை கொடுக்கிறோம் என்று கூட்டிச் சொல்வது பின்னால் ஆளையே உடைத்துவிடும்.

2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்தவர்களின் சம்மதமான தன்பாலுறவு குற்றமல்ல. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமையல்ல என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. திருமணமில்லாமல் வேறு வகையில் இணைவை அங்கீகரிப்பதும் 3-க்கு 2 என்ற கணக்கில் மறுக்கப்பட்டது. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆக, இரண்டு பெண்களின் திருமணத்தைப் பதிவு செய்ய நாட்டில் எங்கும் வழியில்லை. திருநர் ஒருவர் ஆண்-பெண் உறவில் இருந்தால் நடப்புச் சட்டங்களின்படியே மணம் செய்யலாம். திருநங்கையும் ‘மணமகள்’ தான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-லேயே சொன்னது. இவர்கள் இருவருக்கும் அந்த வாசல் பொருந்தாது.

இருப்பது என்ன? 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் அவர்கள் சம்மதமுள்ள வயது வந்த பால்புதுமையர் (தன்பாலீர்ப்புள்ளவர், திருநர் போன்றோர்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும் என்பது அதில் உள்ளது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாட்டுக் காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, இவர்களைத் துன்புறுத்துவது விதிமீறலானது. தன்பாலீர்ப்பை ‘குணப்படுத்த’ முயல்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்ததும் அதே ஆண்டில். 2025 மே 22 அன்று, வீட்டாரிடம் சிக்கியிருந்த 25 வயதுப் பெண்ணின் ஆட்கொணர்வு வழக்கில் (அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் வழக்கு), அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விருப்பப்படி போகவிட்டதோடு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் பதிவு செய்தது. 2021, 2025 ஆகிய இந்த இரண்டு உத்தரவுகளின் நகலும் காவல் நிலையத்துக்குள் போகும்போது கையில் இருந்தாக வேண்டும். கைபேசியில் இருந்தால் போதாது, காகிதமாக வேண்டும். மேசைமேல் வைக்கப்பட்ட காகிதத்தை யாராவது ஒருவர் படித்தே தீருவார்.

வீட்டை விட்டு வெளியேறிய 3 நாட்கள்

ஆட்கொணர்வு மனுவா, இளையவர் தானாக வெளியேறுவதா என்ற கேள்வி எழுந்தது. மனு போட்டால் நீதிமன்றத்தின் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் செய்தி ஊரெல்லாம் பரவும், சில நாட்கள் பிடிக்கும், அதற்குள் அவரை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம். இளையவர் வாரச் சந்தைக்கு அம்மாவோடு போக அனுமதி இருந்தது. தானே வெளியேறுவது என்று அவரே முடிவெடுத்தார். மனுவைத் தயாராக எழுதி வழக்கறிஞரிடம் வைத்திருந்தார்கள்.

எடுத்துக்கொண்டவை: ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம். வயதை நிரூபிக்க மதிப்பெண் சான்றிதழே உறுதியானது. விட்டுவிட்டு வந்தவை: கழுத்துச் சங்கிலி, தோடு, கைபேசி. இதில் குழு கண்டிப்பாக இருந்தது. பெண் ஓடிப்போனாள் என்ற புகார் நிற்காது என்று தெரிந்ததும், நகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று திருட்டுப் புகாராக அதை மாற்றுவது வழக்கம். சங்கிலியையும் தோட்டையும் சாமி மாடத்தில் வைத்துப் படம் எடுத்து, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசியிலிருந்து அனுப்பிவிட்டே கிளம்பினார்.

ஏற்காட்டிலிருந்து நேராக இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எல்லா ஊர்க்காரர்களும் அந்தப் பேருந்தில்தான் வருவார்கள். அதனால் குப்பனூர் வழியாக இறக்கினார்கள். முதல் இரண்டு இரவுகள் மூத்தவரின் வீட்டில் தங்கவைக்கவில்லை. தேடி வருபவர்கள் முதலில் வரும் இடம் அதுதான்.

அன்றே இளையவர் தன் கைப்பட ஒரு பக்கக் கடிதம் எழுதினார். பெயர், வயது, சொந்த விருப்பத்தில் வெளியேறியது, யாரும் கடத்தவில்லை என்பது, வீட்டாரால் ஆபத்து இருக்கலாம் என்பது. ஏற்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை; சேலம் நகரம் மாநகரக் காவல் ஆணையரின் எல்லை. இரண்டு அலுவலகத்துக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் போயின. ஒரே ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதிலில் ஒரு நாள் போயிருக்கும்.

அண்ணன் மறுநாளே காணவில்லை என்று புகார் கொடுத்தார். மூன்றாம் நாள் இளையவர் வழக்கறிஞரோடு காவல் நிலையம் சென்றார். பெண்கள் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பது 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமே வழக்கறிஞர் கிடைத்தார். இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணில் தொடங்கிய வேலை அது.

நிலையத்தில் கத்தல் இருந்தது, அடிதடி இல்லை. ‘அரைமணி நேரம் தனியாப் பேசவிடுங்க’ என்று அண்ணன் கேட்டார். இந்த அரைமணி நேரம்தான் எல்லா வழக்குகளிலும் ஆபத்தானது. அழுகை, சத்தியம், ‘விஷம் குடிப்பேன்’ என்ற மிரட்டல் எல்லாம் அதற்குள்தான். இளையவர் அண்ணனோடு பேச மறுத்தார். அம்மாவோடு மட்டும், பெண் உதவி ஆய்வாளர் கண்ணில் படும் இடத்தில், கதவு திறந்திருக்கப் பேசுவதாகச் சொன்னார். அம்மா கேட்டது ஒன்றுதான்: “நா செத்தா வருவியா கண்ணு?” இளையவர் பதில் சொல்லவில்லை. வாக்குமூலத்தை மட்டும் மாற்றவில்லை. அன்று மாலையே குற்றவியல் நடுவர் முன், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவின்கீழ் வாக்குமூலம் பதிவாகி, புகார் முடிக்கப்பட்டது.

ஒரு தவறு நடந்தது. வாக்குமூலத்தில் தற்போதைய முகவரி என்று மூத்தவரின் வீட்டு முகவரியை எழுதிவிட்டார்கள். அது அண்ணனுக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் உறவினர்கள் வீட்டுக்கும் கடைக்கும் வந்தார்கள். கடையில் ‘பிரச்னை முடிஞ்சதும் வாம்மா’ என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வழக்கறிஞரின் அலுவலக முகவரியைத் தொடர்பு முகவரியாகக் கொடுத்திருந்தால் இந்த வேலை போயிருக்காது.

மாலை மாற்றிக்கொள்வதா

இருவரும் கல்யாணம் வேண்டும் என்றார்கள். சட்டத்தில் செல்லாது என்று தெரிந்தும் கேட்டார்கள். குழுவுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. உரிமையில்லாத சடங்கு வெறும் புகைப்படம்தான், ஆபத்தையும் கூட்டும் என்றார்கள் சிலர். சடங்கு இல்லாவிட்டால் இவர்களுக்கே இவர்கள் ‘அக்கா தங்கச்சி’ ஆகிவிடுவார்கள் என்றார்கள் மற்றவர்கள். இதை எழுதும் எங்கள் கருத்து இரண்டாவது. சாட்சியாக நாலு பேர் நின்று பார்த்த உறவுக்குக் கிடைக்கும் தைரியத்தை வேறு எதுவும் தருவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி வரலாறு உண்டு. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் ஒரு காலத்தில் சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாகவே இருந்தன. அண்ணா ஆட்சியில், 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்த பிறகுதான் அவை செல்லுபடியாயின. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். அந்தப் பிரிவு ‘இரு இந்துக்கள்’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் உள்ளே கணவன், மனைவி என்ற சொற்கள் வருகின்றன. இன்றைய நிலையில் அது இவர்களுக்கு உதவாது. ஆனாலும் சட்டத்துக்கு முன்பே வாழ்ந்து காட்டிய ஆயிரக்கணக்கான இணையர்களை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அவர்கள் காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வாழ்ந்தார்கள், சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் வீட்டு மாடியில், 14 பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆள் படம் எடுத்தார். படங்கள் வெளியே போகவில்லை.

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ‘நோட்டரி மேரேஜ்’ செய்து சான்றிதழ் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் உண்டு. நோட்டரி முத்திரை விழுந்த தாள் திருமணச் சான்று ஆகாது. ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட ஆகாது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் ‘குடும்பப் பிணைப்பு ஆவணம்’ என்ற ஏற்பாட்டை அரசு பரிசீலிக்கலாம் என்று கூறினார். அது சட்டமானால் இப்படி ஒரு தாளுக்கு அர்த்தம் வரும். அதுவரை இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் சேர்ந்து வாழ்ந்ததற்கான சாட்சியம் மட்டுமே. இவர்கள் அப்படி ஒன்றை எழுதினார்கள்: வாடகை, வீட்டுச் சாமான், சேமிப்பு ஆகியவற்றில் யாருடையது எவ்வளவு, பிரிந்தால் எப்படிப் பிரிப்பது என்று மூன்று பக்கம். தங்களை ‘வாழ்க்கை இணையர்’ என்று எழுத்தில் அழைத்துக்கொண்ட முதல் காகிதம் அது.

காகித வேலை

கணவன் மனைவிக்கு ஒரே பதிவில் கிடைப்பதை இவர்கள் அலுவலகம் அலுவலகமாகத் தேட வேண்டியிருந்தது. எதை முதலில் செய்வது என்பது முக்கியம். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு நகராது. ஒப்பந்தம் இல்லாமல் முகவரி மாறாது.

வாடகை. பழைய வீட்டில் ஒப்பந்தம் மூத்தவர் பெயரில் மட்டும் இருந்தது. உறவினர்கள் வந்து கத்தியபின் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். 2017 வாடகைச் சட்டப்படி, அதில் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்ற முடியும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. ஆனாலும் இவர்கள் போராடவில்லை; அண்ணனுக்குத் தெரிந்த முகவரியில் சட்டப்படி தங்குவதைவிடத் தெரியாத முகவரிக்குப் போவதே நல்லது என்று முடிவெடுத்தார்கள். புது வீட்டில் ஒப்பந்தத்தை இருவர் பெயரிலும் எழுத்துப்பூர்வமாகப் போட்டு, பதிந்தார்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் அந்த வீட்டில் விருந்தாளிதான்.

வங்கி. முதல் கிளையில் ‘குடும்ப உறுப்பினரா’ என்று கேட்டார்கள். கூட்டுக் கணக்குக்கு அது தேவையே இல்லை. பால்புதுமையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து மேலாளரிடம் காட்டியதும் வேலை முடிந்தது. ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் முறையில், ஒருவர் படுக்கையில் விழுந்தால் பணம் முடங்கிவிடும்.

நாமினி. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குபவர், வாரிசு அல்ல. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015 திருத்தம் சொல்கிறது. இணையருக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டப்படியான வாரிசு பின்னால் வந்து கேட்கலாம். உயில் இல்லாத நாமினி பாதி வேலைதான்.

உயில். மூத்தவரின் மனை இதில்தான் நின்றது. திருமணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து அம்மா அப்பாவுக்கும், அவர்களும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கும் போகும். இணையர் எந்த வரிசையிலும் இல்லை. உயிலை வெள்ளைத்தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள், எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள். நான்கு கவனங்கள் எடுத்தார்கள். சாட்சிகளில் ஒருவர் 35 வயதுக்குக் கீழே, ஏனென்றால் பின்னாளில் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். சொத்து பெறும் இளையவர் சாட்சியாகவில்லை. எழுதும்போது அந்த அறையிலும் இல்லை. மனநிலை தெளிவாக இருக்கிறது என்ற மருத்துவர் சான்று அதே தேதியில் வாங்கப்பட்டது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஏன் எழுதவில்லை என்பது இரண்டு வரியில் காரணத்தோடு எழுதப்பட்டது. இயற்கையான வாரிசுகளை விட்டுவிட்டு எழுதும் உயிலைத்தான் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும்.

மனையை இப்போதே இளையவர் பெயருக்கும் மாற்றலாமே என்று கேட்டார்கள். குழு வேண்டாம் என்றது. குடும்பத்தினருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு உள்ள கட்டணச் சலுகை இவர்களுக்குக் கிடையாது. அதோடு, உறவினர் என்ற வரையறைக்குள் வராதவரிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு பெற்றால் வருமானவரி உண்டு. மனைக்கும் அதே கதி. கணவன் மனைவிக்குள் இது எதுவும் இல்லை.

முடியாமல் போனது பிஎப். இளையவர் பழைய கடையின் கணக்கில் மூத்தவரை நாமினியாக்க முயன்றார். அந்தத் திட்டத்தின் வரையறைப்படி குடும்பம் இருக்கும் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே நாமினி போட்டால் அது செல்லாது. ஈஎஸ்ஐ மருத்துவமும் அப்படியே. அம்மாவின் பெயரையே வைத்தார். குடும்ப அட்டைக்கும் விண்ணப்பித்தார்கள்; இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்று மத்திய உணவுத்துறை 2024-ல் மாநிலங்களுக்கு எழுதியிருந்தும், விண்ணப்பப் படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கச் சொல் இல்லை. அது நிலுவையில் நின்றது. நின்றதன் விளைவு இரண்டு மாதத்தில் தெரிந்தது.

மருத்துவமனையில் ஓர் இரவு

இளையவருக்கு ஓர் இரவு கடுமையான வயிற்றுவலி. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் 9 மணிக்குச் சேர்த்தார்கள். குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். பதற்றத்தில் மூத்தவர் சேர்க்கைப் படிவத்தில், கூட வந்தவரின் உறவுமுறை என்ற கட்டத்தில், பழக்கத்தில் ‘அக்கா’ என்று எழுதிவிட்டார்.

முதலமைச்சர் காப்பீடு உண்டா என்று பார்க்கக் குடும்ப அட்டை எண் கேட்டார்கள். இளையவரின் பெயர் இன்னும் அம்மாவின் அட்டையில்தான் இருந்தது. அதோடு இணைந்த கைபேசி எண் அண்ணனுடையது. சரிபார்க்கும் ஓடிபி எண் அந்தக் கைபேசிக்குப் போனது. நள்ளிரவுக்கு முன் அண்ணன் வந்துவிட்டார். ‘இவ எங்க வீட்டுப் பொண்ணே இல்ல, பொய் சொல்லிச் சேர்த்திருக்கா’ என்றார். படிவத்தில் எழுதியிருந்தது உண்மையிலேயே பொய். அந்த ஒரு சொல்லால் மூத்தவர் பேசிய மற்ற எதையும் வரவேற்பில் யாரும் நம்பவில்லை. அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ரத்த சம்பந்தம் உள்ளவர் கையெழுத்து வேண்டும் என்று அண்ணனிடம் தாளை நீட்டினார்கள். அண்ணன் ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

இளையவர் முழு நினைவோடு இருந்தார். இங்கேதான் சட்டம் தெளிவாக இருக்கிறது: நினைவும் தெளிவும் உள்ள வயது வந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவரது சம்மதமே சம்மதம். பெற்ற தாயின் கையெழுத்துக்கூட அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 தீர்ப்பில் சொன்னது. குழுவைச் சேர்ந்த வழக்கறிஞர் பணியிலிருந்த மருத்துவரிடம் கைபேசியில் இதைச் சொன்னார். இளையவர் நோயாளிக் குறிப்பேட்டிலேயே தன் கையால் மூன்று வரி எழுதினார்: சிகிச்சைக்குச் சம்மதம், என் உடல்நிலை பற்றிய தகவலை இன்னாரிடம் மட்டும் சொல்லவும், அவர் என் வாழ்க்கை இணையர். மருத்துவர் கீழே கையெழுத்திட்டு நேரம் குறித்தார். 2.30 மணிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. 9 மணிக்கும் 2.30-க்கும் இடையில் போன நேரத்தில் பெரும்பகுதி மருத்துவத்துக்காகப் போனதல்ல.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 2017 மனநலச் சட்டத்தின் 14-வது பிரிவில் யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். அந்தத் தாள் இருந்தால் எல்லா மருத்துவமனைக்கும் போதும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மனநலச் சிகிச்சைக்கு மட்டும். பொது அதிகாரப் பத்திரமும் உதவாது. எழுதியவர் மனத்தெளிவை இழந்தால் அது காலாவதியாகிவிடும். சாதாரண அறுவை சிகிச்சைக்கு நோயாளி நினைவிழந்தால் இணையரைத் தீர்மானிக்க வைக்கும் சட்டம் இன்று இல்லை. திருமணம் இல்லாததன் வலி கூர்மையாகக் குத்தும் இடம் இதுதான்.

அதன் பிறகு

அறுவை முடிந்த மறுநாள் காலை அம்மா வந்தார். அண்ணன் வரவில்லை. மூத்தவர் இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை ஆயா ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா மூத்தவரிடம் ஒரு வார்த்தைதான் பேசினார்: “சாப்டியாம்மா?” அதை ஏற்பு என்று நாங்கள் எழுதமாட்டோம். அதன்பின் மாதம் ஒருமுறை கைபேசியில் பேசுகிறார். மகளின் இணையரைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்காமல் தவிர்ப்பதுமில்லை.

இளையவர் வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். குழு, 2021 உத்தரவையும் விதி 24-சியையும் தமிழில் ஒரே பக்கமாகச் சுருக்கி, நகரத்திலும் மலையிலும் உள்ள காவல் நிலையங்களில் பெண் உதவி ஆய்வாளர்களிடம் நேரில் கொடுத்துவருகிறது. பேரணியும் வேண்டும், இதுவும் வேண்டும். ஆனால் இரவு 11 மணிக்கு ஒரு பெண் நிலையத்துக்குள் நடந்து வரும்போது அங்கே இருக்கப்போவது பணியிலிருக்கும் ஒருவர்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வாக்குமூலத்தில் வீட்டு முகவரி கூடாது. வீட்டை விட்டு வந்த முதல் மாதத்திலேயே பழைய குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கி, ஆதாரிலும் வங்கியிலும் கைபேசி எண்ணை மாற்ற வேண்டும். குழு இதை ஆறாவது வேலையாக வைத்திருந்தது, இரண்டாவதாக வைத்திருக்க வேண்டும். சிகிச்சைச் சம்மதம், தகவல் யாரிடம் என்ற மூன்று வரியை முன்கூட்டியே எழுதி, கையெழுத்திட்டு, இருவரின் பணப்பையிலும் மடித்து வைக்க வேண்டும். சட்டத்தில் அதற்குப் பலம் குறைவு. வரவேற்பு மேசையில் பலம் அதிகம்.

எந்தப் படிவத்திலும் அக்கா, தங்கை, சித்தி மகள் என்று எழுதக்கூடாது. தெருவில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது அவரவர் பாதுகாப்பைப் பொறுத்தது. அதில் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கையெழுத்திடும் தாளில் பொய்யான உறவு எழுதினால், உண்மையான உறவையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். ‘இணையர்’ என்று எழுதப் பயமாக இருந்தால் ‘உடன் வசிப்பவர்’ என்று எழுதலாம். அதில் பொய் இல்லை.

தையல் பிரிக்கப் போன அன்று அதே மருத்துவமனையில் மறுபடி படிவம் கொடுத்தார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் மூத்தவர் ‘வாழ்க்கை இணையர்’ என்று எழுதிக் கொடுத்தார். கணினியில் ஏற்றிய பெண் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். கணவர், அப்பா, அம்மா, சகோதரர், சகோதரி என்று இருந்தது. கடைசியில் ‘மற்றவை’ என்பதை அழுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில், மூத்தவர் எழுதிய இரண்டு சொற்களையும் அப்படியே தட்டச்சு செய்தார்.